சனிக்கிழமை வகுப்பில் வரிசையாக நின்ற அப்பாக்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, சந்திரகலா டீச்சரின் கணவர் ராஜன் அவர்களே, பிரிக்ஃபீல்ட்ஸ் சனிக்கிழமை வகுப்பின் பெற்றோர்களே, பிள்ளைகளே, கிள்ளானில் லோரி ஓட்டும் தம்புசாமியின் வணக்கம். மூன்றாம் படிவத்தோடு நானும் பள்ளிக்கூடமும் சண்டையில்லாமல் பிரிந்துவிட்டோம். மைக் முன்னால் நிற்பது இதுதான் முதல் தடவை. 

சொல் நாக்கில் சிக்கிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு 'பெரியது, அதைவிடப் பெரியது, எல்லாவற்றையும் விடப் பெரியது' என்பதை எப்படிச் சொல்லித்தருவது? நம் சந்திரகலா டீச்சர் புத்தகத்தைத் திறக்கவில்லை. பிள்ளைகளை அழைத்துப்போக வந்த அப்பாக்களை வரிசையாக நிறுத்தினார்.

"நாகையா அண்ணே குண்டு. கிரிகரி அண்ணே அவரை விடக் குண்டு. எல்லாரையும் விடக் குண்டு யாரு?"

அத்தனை பிள்ளைகளும் என் வயிற்றைக் காட்டினார்கள்.

"மூச்சை உள்ள இழுக்காதீங்க லா அண்ணே, பிள்ளைங்க குழம்பிடும்" என்றார் டீச்சர். நான் முதலிடம் வந்த ஒரே பாடம் அதுதான்.

அந்தப் பாடம் எதற்கென்று எனக்கு அப்போது விளங்கவில்லை. என் மகள் விஷ்ணுப்ரியாவுக்குக் கொசு கடித்தாலும் 'வலி', காய்ச்சல் கொதித்தாலும் 'வலி'. ஒரு நாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, நேத்து வலி. இன்னிக்கு நேத்தை விட வலி."

மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். குடல்வால் வீங்கியிருக்கிறது, தாமதித்திருந்தால் வெடித்திருக்கும் என்றார் டாக்டர். அவளை அப்படிச் சொல்லவைத்தவர் யார்? நம் சந்திரகலா டீச்சர்.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடித்து வீட்டுக்குப் போன டீச்சர், மறுநாள் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை. அன்றிலிருந்து விஷ்ணுப்ரியா ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிடும்போது அவள் முகத்தையே பார்க்கிறேன். முகம் சுளித்தால், குழம்பில் உப்பா, வயிற்றில் வலியா? இனி வலித்தால் சொல்வாளா? சொல்லாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்? இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பெற்றோருக்கும் இந்தப் பயம்தானே? இனி வகுப்பை யார் நடத்துவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். நாமும்தான் வாய் திறப்பதில்லை.

சற்று முன் பேச என் பெயரைக் கூப்பிட்டார்கள். விஷ்ணுப்ரியா என் கையைப் பிடித்தாள். நடுங்கியது என் கைதான். பக்கத்தில் இருந்த நாகையா அண்ணனைப் பார்த்தாள். கிரிகரி அண்ணனைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"எல்லாரையும் விட அப்பாவுக்குப் பயம்."

சரியான விடை, டீச்சர்.

பயம் இன்னும் போகவில்லை. ஆனாலும் ராஜன் அவர்களே, வகுப்புச் சாவியை எங்களிடம் கொடுங்கள். வரும் சனிக்கிழமை கதவு திறந்திருக்கும். இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தெரிந்த ஓர் ஆசிரியர் கிடைக்கும்வரை தேடுவோம். அதுவரை, சொல்லித்தரத் தெரியாவிட்டாலும் எங்களுக்கு வரிசையில் நிற்கத் தெரியும். நாகையா அண்ணே, கிரிகரி அண்ணே, வந்துடுங்க. யாரும் மூச்சை உள்ளே இழுக்கக் கூடாது.