நாடாவை வெட்டியது நான்தான்

எனது பெயர் ஹாஜறா. வயது 54. கணவர் அப்துல் கபூர், சுனாமியில் மௌத்து. கல்முனை, வயலோர சுனாமி வீட்டுத்திட்டம், இலக்கம் 61 இல் மகள் றாஹிலாவுடன் வசித்து வருகிறேன். மருமகன் கத்தாரில்.

கடற்கரையிலிருந்து எழுப்பி எங்களை இங்கே குடியேற்றி மூன்று வருஷம். பஸ் இல்லை. போன வருஷம் போக்குவரத்துப் பிரதி அமைச்சர் பள்ளிவாசலுக்கு வந்தபோது மனுக் கொடுத்தேன். "பஸ் தாற பெரிய அமைச்சர் உம்மா, நான் திறந்து வைக்கிற ஆள்" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

இன்று 12.07.2010, சுபஹுத் தொழுகை நேரம் நிறைமாத மகளுக்கு வலி கண்டது. திட்டத்து ஓட்டோக்கள் எல்லாம் பிரதி அமைச்சரை ஊர்வலமாகக் கூட்டி வர விடியவே சந்திக்குப் போய்விட்டன. பத்து மணிக்குப் புதிய பஸ் சேவை தொடங்கும் என்று பள்ளிவாசல் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதை நம்பி மகளை வீட்டில் வைத்திருந்தேன். அது என் பிழை.

அதன் பிறகு பத்து மணிக்கு மகளைப் பஸ்ஸில் ஏற்றினேன். முன்னால் சிவப்பு நாடா கட்டியிருந்தது. பதினொன்றரை ஆகியும் பிரதி அமைச்சர் வரவில்லை. துஆ ஓத வந்த மௌலவி வெயிலில் நின்றார். சீற்றுக் கம்பியைப் பிடித்திருந்த மகளின் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. சாரதி ஜெமீலிடம் கெஞ்சினேன்.

"அவர் வெட்டாம எடுத்தா என்ட வேல போகும் ராத்தா" என்றார்.

அதன் பிறகு வெற்றிலைப் பையிலிருந்த பாக்குவெட்டியால், பிஸ்மி சொல்லி, நாடாவை வெட்டினேன். மௌலவியை ஓதச் சொன்னேன், ஓதினார். ஜெமீல் பஸ்ஸை எடுத்தார்.

வயல் நடுவே ஒற்றைப் பாதையில் ஊர்வலம் எதிரே வந்தது. விலக இடமில்லை. இறங்கி ஓடிப்போய்ப் பிரதி அமைச்சரின் வாகனக் கண்ணாடியைத் தட்டினேன். தாழ்த்தினார்.

"மகள் புள்ளப்பெற இருக்கா சேர், பின்னுக்கு எடுக்கச் சொல்லுங்க."

"எனக்குச் சொல்ல ஏலாது உம்மா, அது பாதுகாப்பு ஆக்கள்ட வேல."

அவர் பொய் சொன்னதாக நான் சொல்லவில்லை. அவர் முகமும் வாடித்தான் இருந்தது. பாதுகாப்பு ஆட்கள் பஸ்ஸைத்தான் பின்னுக்கு எடுக்க வைத்தார்கள், விழாப் பந்தலடி வரைக்கும். ஊர்வலம் பாதையை அடைத்து நின்றது. அந்நேரம் மகளைச் சீற்றிலிருந்து எழுப்பவும் முடியவில்லை. அதன் பிறகு அறுந்த நாடாவை முடிச்சுப் போட்டுப் பிடித்தார்கள். பிரதி அமைச்சர் அதை வெட்டினார். படம் எடுத்தார்கள். மகள் உள்ளே இருந்தாள். அதன் பிறகுதான் பாதை விட்டார்கள்.

ஆசுபத்திரி வாசலில் ஆண் குழந்தை பிறந்தது. அழவில்லை. மகளுக்கு இரத்தம் நிற்கவில்லை என்று உள்ளே கொண்டு போனார்கள். அந்தக் கதவடியில் இருந்துதான் என்னை இங்கே பொலிசுக்குக் கூட்டி வந்தார்கள். பாக்குவெட்டியை ஒப்படைத்துவிட்டேன்.

திறப்பு விழாவைக் குழப்பினேன் என்று அவருடைய செயலாளர் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். நாடாவை வெட்டியது நான்தான். எழுதியதை வாசித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது, அல்லாஹ் சாட்சி. ஆசுபத்திரிக்கு ஒரு கோல் எடுத்து மகள் எப்படி என்று கேளுங்கள் என மூன்று தரம் சொன்னேன். அதையும் எழுதச் சொன்னேன். எழுதியிருக்கிறார்கள். கோல் இன்னும் எடுக்கவில்லை.

(ஒப்பம்) ஹாஜறா