குடிக்காதவரின் தள்ளாட்டம்

எங்கள் தீவில் வண்டூரிலிருந்து அபர்டீன் பஜார் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு பெண்ணும் அவர் கணவரின் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். ஒட்டுக் கேட்பது தவறுதான். ஆனால் அந்தத் தம்பி இப்படி ஆரம்பித்தார்.

"அண்ணன் அன்னிக்குக் குடிக்கல, அண்ணி."

"சுனாமி அன்னிக்கா? ஊரே பாத்துச்சே தம்பி. எல்லாரும் மேட்டுக்கு ஓடுறாங்க, இவரு தள்ளாடி விழுறாரு. காலையிலயே குடிச்சுட்டியா சராபின்னு நானே கத்துனேன். அவர் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்."

"எனக்கும் இப்ப அப்படித்தான் கால் தள்ளாடுது. மெயின்லேண்ட்ல டெஸ்ட் எடுத்தாங்க. டி.பி.பி.ன்னு ஒரு ஜீனாம். மத்த ஜீனெல்லாம் வேலைய ஆரம்பிக்க அதுல இருந்து வர்ற புரோட்டீன் வேணுமாம். எங்க குடும்பத்துல அது கெட்டுக் கெடக்கு. நடைய நிதானமா வைக்கிற மூளைப் பகுதி கொஞ்சம் கொஞ்சமா போயிடுமாம்."

"மருந்து?"

"இல்லையாம். அதான் உங்ககிட்ட சொல்றேன். கார்த்திக்குக்கும் டெஸ்ட் எடுத்துடலாம்."

"எம்புள்ளைக்கு எதுக்கு?"

"அண்ணனோட புள்ளையாச்சே. பாதிக்குப் பாதி வர வாய்ப்பிருக்காம்."

பஸ் டெய்ரி ஃபார்ம் ஸ்டாப்பைத் தாண்டியது. என் மடியில் இருந்த சின்ன மகள் எழுந்து நிற்கப் பார்த்தாள்; பேச்சைத் தவறவிடக் கூடாதென்று அவளைப் பிடித்து உட்கார வைத்தேன். பிறகு அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார்.

"போன வாரம் டிங்கிப் படகுல ஏறுறப்ப கார்த்திக் ரெண்டு தரம் விழுந்தான், தம்பி. குடிக்கலம்மா, குடிக்கலம்மான்னு அழுதான். வாய மோந்து பாத்தேன், வாடையே இல்ல. அப்பவும் வெளக்குமாத்தால அடிச்சேன்."