பொட்டு வைத்த கண்ணாடி

அந்த விசிறியைக் கொஞ்சம் குறையுங்கள் சார், நீங்கள் எழுதுகிற தாள் பறக்கிறது. மருதையன், வயது ஐம்பத்து நான்கு, திருத்துறைப்பூண்டி சாலையில் அறுவடை இயந்திரம் பழுது பார்க்கும் பட்டறையில் மேஸ்திரி. இதுவரை சரிதானே?

போன வருடம் முதலாளி லேசர் இயந்திரம் வாங்கினார். தேய்ந்துபோன இரும்புத் தண்டின் மேல் உலோகத் தூளை உருக்கிப் புதிதாகப் பூசிவிடும். ஒளி வருவது அரிசி அளவு மின்னணுச் சில்லுகளிலிருந்து. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, அதுதான் எனக்கு எரிச்சல். இருபத்தெட்டு வருடம் வெல்டிங் பொறியைப் பார்த்தே வேலை செய்தவன் நான். தெரியாத ஒன்றுக்கு எப்படிப் பயப்படுவது?

செவ்வந்திக்குப் பயப்படத் தெரியும். வலங்கைமான் பெண், டிப்ளமோ படித்தவள், அந்த இயந்திரத்தை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள். கெட்டிக்காரி, அதை நான் மறுக்கவில்லை. தண்டு நீளமாக இருந்தால், இயந்திரம் நிற்கிற கூண்டின் கதவு மூடாது. மூடாவிட்டால் ஒளி வராது. கதவு மூடியதாகக் காட்ட அதன் சுவிட்சை நான்தான் வைக்கோல் பிரியால் இழுத்துக் கட்டினேன். முதலாளி சொன்னதால் அவள் ஒப்புக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. அந்த ஒளியிலிருந்து கண்ணைக் காக்க இயந்திரத்தோடு வந்தது ஒரே ஒரு பச்சைக் கண்ணாடி. அதைப் போட்டவர் மட்டும்தான் உள்ளே இருக்கலாம்.

குறுவை அறுவடை நேரம். மேற்கே மேகம் கருத்துக்கொண்டு வந்தது. நெல் நனைந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள் என்று வாசலில் பத்துப் பேர் கத்துகிறார்கள். இவளோ ஒவ்வொரு தண்டுக்கும், "அண்ணே, வெளிய போங்க" என்று என்னைத் துரத்துகிறாள். வண்டிக்காரர் ஒருவர், "என்ன மேஸ்திரி, பொண்ணு உங்களையே கிளாஸ் ரூமுக்கு வெளிய நிக்க வச்சிருச்சா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் தஞ்சாவூரில் அதே பச்சையில் சாதாரண வெல்டிங் கண்ணாடி ஒன்று வாங்கினேன். அசலில், எந்த ஒளியைத் தடுக்கும் என்று ஓரத்தில் ஓர் எண் அச்சடித்திருக்கும். பூஜையன்று கருவிகளுக்கெல்லாம் பொட்டு வைத்தபோது, இரண்டு கண்ணாடியிலும் அந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் தடிமனாக அப்பினேன். முடிந்ததும் புதியதை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

"பூசைப் பொட்டும்மா. அழிக்காத, தானா உதிரட்டும்."

"சரிங்கண்ணே" என்று வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நான் கெடுதல் நினைக்கவில்லை சார். அவளுடையது வெறும் பயம் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். அறுவடை முடிகிறவரை ஒன்றும் ஆகாமல் ஓடினால், எல்லார் முன்னாலும் விஷயத்தைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று இருந்தேன். ஒன்பது நாள் ஒன்றும் ஆகவில்லை. நானும் ஒரு பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். "உங்களது சாதாக் கண்ணாடிண்ணே, கண்ணு போயிரும், வெளிய போங்கண்ணே" என்று தினமும் கெஞ்சினாள். நான் நகரவில்லை.

பத்தாம் நாள் வந்த தண்டு தேய்ந்து தேய்ந்து பளபளவென்று இருந்தது. ஒளி அதில் பட்டுத் திரும்பியிருக்கும். செவ்வந்தி இயந்திரத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, சுத்தி எல்லாம் தெரியுது. உங்க மூஞ்சி மட்டும் இல்ல."

தண்ணீர் விட்டுக் கழுவச் சொன்னேன். நடுப்பார்வை எரிந்துவிட்டது, இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு ஏழு மாதக் குழந்தை இருக்கிறது. அதன் காது தெரிகிறதாம், கை தெரிகிறதாம், முகம் தெரியவில்லையாம்.

அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் கண்ணாடிகளை மாற்றி வைத்துவிட்டேன். அதனால்தான் விபத்தை விசாரித்து நீங்கள் எழுதிய அறிக்கையில், கண்ணாடி சரியாக இருந்தது, ஓட்டியவரின் கவனக்குறைவு என்று வந்தது. பழியை அவள் சுமப்பது நியாயமில்லை. நான் நியாயம் பார்க்கிறவன், அதனால்தான் வந்தேன்.

பக்கத்திலேயே நின்ற எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டீர்கள். அசல் கண்ணாடியை நான்தான் போட்டிருந்தேன் சார். எதற்கும் இருக்கட்டுமே என்று.