படித்துக் காட்டிய பின்னரே கையெழுத்து

பத்திரப் பதிவு அலுவலகத்தின் பதிவாளராகப் பத்தொன்பது ஆண்டுகள் பாங்குறப் பணியாற்றி, பணிந்தோர்க்குப் பரிவும் மிரட்டியோர்க்கு மௌனமும் வழங்கி, இன்று பணிநிறைவு பெறும் பெருமதிப்பிற்குரிய அம்மையீர், வணக்கம். தாங்கள் வளர்த்த வழக்கம் தங்களுக்குப் பின் நிலைக்குமா என்ற கவலையோடுதான் இம்மடலை எழுதத் தொடங்கினோம்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். பொறுப்பேற்ற மாதமே தாங்கள், "எழுதினதை வாய்விட்டுப் படிச்சுக் காட்டாம யார்கிட்டயும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கக் கூடாது" என்றபோது நாங்கள் முகம் சுளித்தோம். பத்து நிமிட வேலை முக்கால் மணி நேரமாயிற்று, தொண்டை கட்டியது. தங்களை இடமாற்றக் கோரி மனு எழுதி, பதினொருவர் ஒப்பமிட்டோம். அந்த ஒன்றை மட்டும் தங்களுக்குப் படித்துக் காட்டவில்லை.

மனு தபாலுக்குப் போகுமுன், தம் கொட்டகையில் ஒரு பகுதியை விற்கச் சலவைக்கடை நடத்தும் அம்மா ஒருவர் வந்தார். வாங்குபவர் எழுதிக் கொண்டுவந்த பத்திரத்தை எங்கள் எழுத்தர் கடனே என்று படிக்க, அந்த அம்மா பாதியில் கையமர்த்தினார். "நில்லுங்க தம்பி. கொட்டகையில முன்பாதியைத்தானே விக்கிறேன்? முழுசும்னு எழுதியிருக்கே?" வாங்க வந்தவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தாங்கள் குரல் உயர்த்தாமல், "சரியா எழுதிக்கிட்டு வாங்க" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தீர்கள். மனுவை அன்றே கிழித்தோம். வெட்கமாக இருந்தது.

தம் இடம் தம்மிடமே இருக்கும் என்ற தைரியம் நம் அலுவலகத் தெருவினருக்கு வந்த பிறகுதான், தகரத்தில் கிடந்த பட்டறைகள் செங்கல்லுக்கு மாறின, இயந்திரங்கள் வந்தன, பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்கவில்லை. தெரு தழைத்ததற்கு அதிர்ஷ்டம் காரணமென்பார் சிலர். எங்களுக்குத் தெரியும், காரணம் பிடிவாதம்.

காதால் கேட்டால் போதாது, கண்ணால் படிக்கவும் வேண்டுமென்று எழுத்தறியாதவர்களுக்கு ஆவண அறையின் நீள மேசையில் மாலை வகுப்பும் தொடங்கினீர்கள். பழைய படிவங்களே பாடநூல். எ என்றால் எல்லை, உ என்றால் உரிமை. எங்களையே ஆசிரியர்களாக்கி வேலை வாங்கிய சாமர்த்தியத்தை இன்றும் மெச்சுகிறோம்.

ஆயினும், படித்துக் காட்டும் வழக்கம் எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. நாளை தங்கள் இடத்துக்கு அவசரக்காரர் ஒருவர் வந்து நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று கலங்கினோம்.

சென்ற வாரம் தாங்கள் விடுப்பிலிருந்த அன்று, தரைக்கு ஓடு பதிக்கும் பெண் ஒருவர் தம் முதல் மனையைப் பதிய வந்தார். மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றவர். எழுத்தர் தொண்டையைச் செருமினார். "குடுங்கண்ணே, நானே படிச்சுக்கிறேன்" என்று வாங்கி, விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். வரிசையில் நின்றவர்கள் உச்சுக்கொட்டியும் அவர் நிமிரவில்லை. மூன்றாம் பக்கத்தில் நிறுத்தி, "கிழக்கு எல்லை தப்பா இருக்கு. திருத்திக் குடுங்க, அப்புறம் கையெழுத்துப் போடுறேன்" என்றார். தட்டச்சுப் பிழை எங்களுடையது. திருத்திக் கொடுத்தோம்.

எனவே அம்மையீர், கவலையை இங்கேயே இறக்கி வைத்துவிட்டு, நோயின்றி, நிறைவோடு, நெடுங்காலம் வாழுங்கள். இனி நாங்களே மறந்தாலும், பதிய வருபவர்கள் எங்களை விடமாட்டார்கள்.

தங்கள் அன்பில் நனைந்த
அலுவலகப் பணியாளர்கள்