நிற்கவில்லை என்று எழுதிய ஒன்பது பக்கங்கள்

மதிப்புக்குரிய தலை…

மன்னிக்க வேண்டும். மங்கிய கண்ணுக்குத் தெரியட்டும் என்று இந்தப் பேச்சை என் கடை மெஷினிலேயே பெரிதாக்கி நகல் எடுத்தேன். எழுத்து பெரிதானது, ஓரம் வெட்டுப்பட்டது. வரிக்கு வரி கடைசி வார்த்தையைக் காணோம். முப்பது வருடம் ஊருக்கே நகல் எடுத்துக் கொடுத்தவன் தன் தாளைக் கோட்டை விட்டான். நன்றாகச் சிரியுங்கள், என் வீட்டுக்காரி ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டாள். தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு மனசிலிருந்தே பேசுகிறேன்.

மதிப்புக்குரிய நகல் கடைச் சங்கத் தலைவர் அவர்களே, டோனர் தீர்ந்த நாளிலும் முகம் கறுக்காத செயலாளர் அவர்களே, முன்வரிசையில் முதுகு சாயாமல் வீற்றிருக்கும் மூத்தவர்களே, பிள்ளைகளோடு சேர்த்து எங்களையும் வளர்த்தெடுக்கும் தாய்மார்களே, என் மகளுக்கு வழிகாட்டிய பேராசிரியர் அம்மா அவர்களே, இன்று இந்த மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்டு, 'அப்பா சீக்கிரம் முடிங்க' என்று கண்ணாலேயே கெஞ்சும் டாக்டர் மகளே, அனைவருக்கும் வணக்கம்.

பாக்டீரியாவை ஆராய்ந்த பெண்ணுக்கு நகல் கடைக்காரர்கள் ஏன் விழா எடுக்க வேண்டும்? சொல்கிறேன். பாக்டீரியாவுக்குக் கண் உண்டா? இல்லை. காது உண்டா? இல்லை. கரண்ட் கட் உண்டா? அதுவும் இல்லை. ஆனால் நகல் மெஷின் உண்டு, ஐயா.

ஒருநாள் கடையில் கேட்டேன்: "நாலு வருஷமா என்னதான் பாப்பா பண்ற?"

ஓடிக்கொண்டிருந்த மெஷினைக் காட்டினாள். "இதைத்தான்பா. டி.என்.ஏ.வுல இருக்கிறதை ஒரு மெஷின் படிச்சுப் படிச்சு நகல் எடுக்கும். நகல் நாடா மாதிரி வெளியே வரும். அதுதான் ஆர்.என்.ஏ. இப்ப, டிரிப்டோபான்னு ஒரு சரக்கு செய்யறதுக்கு நகல் ஓடுதுன்னு வைங்க. சரக்கு போதுமான அளவு சேர்ந்தாச்சு. யார் நிறுத்துவா?"

"முதலாளி."

"முதலாளியே கிடையாது. பதினோரு துண்டு சேர்ந்த ஒரு புரதம் இருக்கு, வளையம் மாதிரி. சரக்கு நிறைஞ்சா டிரிப்டோபான் போய் அந்த வளையத்துல உட்காரும். உடனே வளையம், வெளியே வர்ற நாடாவைப் பிடிச்சுத் தன்னைச் சுத்திக்கும். அடுத்து வர்ற நாடா கொண்டை ஊசி மாதிரி மடங்கும். மெஷின் பிடியை விட்டுடும்."

"சரக்கு தீர்ந்துட்டா?"

"வளையம் நாடாவைப் பிடிக்காது. நாடா வேற மாதிரி மடங்கும். மெஷின் கடைசி வரைக்கும் ஓடும்."

தோழர்களே, மெஷினைத் தொடவில்லை. சுவிட்சைத் தொடவில்லை. வெளியே வரும் தாளைத் தொட்டது, வேலை நின்றது. என்ன வேகம், என்ன விவேகம்! பத்துக் கேட்டால் பதினெட்டு எடுத்து வைத்துவிட்டுத் தலையைச் சொறிகிறோமே, நமக்கு உண்டா இந்தச் சாமர்த்தியம்? 'அது நீதான்யா' என்கிறார் பின்வரிசை அண்ணன். நான்தான், ஒப்புக்கொள்கிறேன்.

இனி என் வீரச்செயலுக்கு வருகிறேன். மகளின் ஆய்வுக்கூட நோட்டை நகல் எடுத்துத் தேர்வாளருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அப்பன் கடை இருக்க அடுத்த கடை எதற்கு? எடுத்தேன். நடுவில் ஒன்பது பக்கங்கள். எல்லாவற்றிலும் அடித்தல், திருத்தல், கறை. பக்கத்துக்குப் பக்கம் ஒரே வார்த்தை: நிற்கவில்லை, நிற்கவில்லை, நிற்கவில்லை. நம் தொழிலில் நிற்காத மெஷின் என்றால் என்ன? ரிப்பேர். கசங்கிய தாளை வாடிக்கையாளர் கண்ணில் காட்டுவோமா? காட்ட மாட்டோம். தாண்டிவிட்டேன்.

மூன்றாம் நாள் தேர்வாளர் மகளுக்குப் போன் செய்தார். நூற்றுப் பன்னிரண்டுக்கு அடுத்த பக்கம் நூற்று இருபத்திரண்டா? எதை மறைக்கிறாய்? மாலைக்குள் பதில் இல்லையென்றால் பட்டம் இல்லை. ஐந்து வருட உழைப்பு அந்தரத்தில் தொங்கியது.

கடைக்கு ஓடி வந்தாள். "அப்பா, ஒம்போது பக்கம் எங்கே?"

"ரிப்பேரான நாளை எதுக்கும்மா ஊருக்குக் காட்டணும்?"

"ரிப்பேர் இல்லப்பா. வளையத்தை நான்தான் வேணும்னே கெடுத்தேன், நாடாவைப் பிடிக்க முடியாதபடி. சரக்கு நிறைஞ்சு வழிஞ்சும் நகல் நிக்கலை. அப்பதானே நிறுத்தறது வளையம்தான்னு நிரூபிக்க முடியும்?"

பேராசிரியர் அம்மா போனில் சொன்னது இன்னும் காதில் ஒலிக்கிறது: "ஐயா, ஆராய்ச்சியோட உயிரையே உருவிட்டீங்களே."

ஒன்பது பக்கத்தையும் நகல் எடுத்தேன். நோட்டையும் தூக்கிக்கொண்டு, கை நிறைய டோனர் கறுப்போடு தேர்வாளர் அறையில் போய் நின்றேன். "சார், பொண்ணு மேல தப்பில்லை. கைவரிசை என்னுது."

அவர் என் கையைப் பார்த்தார். நகலை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ஏங்க, இந்த ஒம்போது பக்கத்துக்குத்தான் பட்டமே. இதையா விட்டீங்க?"

அன்றைக்குப் புரிந்தது எனக்கு. ஓடிய நாள் மட்டும் உழைப்பா? ஓயாமல் தவறிய நாள் உழைப்பில்லையா? கறை படாத தாளில் கண்டுபிடிப்பு பிறக்குமா? பிள்ளைகளின் அடித்தலை மறைக்காதீர்கள், திருத்தலை மறைக்காதீர்கள். தாளைத் தாண்டாதீர்கள், தாய்மார்களே, தகப்பன்மார்களே, ஒரு தாளையும் தாண்டாதீர்கள்.

சரக்கு நிறைந்தால் நிறுத்தத் தெரியும் பாக்டீரியாவுக்கு. மூன்றாம் வரிசையிலிருந்து என் வீட்டு வளையமும் கையைக் காட்டிவிட்டது. நடுவில் சிக்கிக்கொள்ளாமல் என்னை ஓடவிட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி, வணக்கம்.

கைதட்டினார்கள். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

மேடையில் சொல்லாதது ஒன்று உண்டு. நூற்றுப் பதினேழாம் பக்கத்து மூலையில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தாள்: 'இதுவும் சரியா வரலைன்னா அப்பா முகத்துல எப்படி முழிப்பேன்.' அந்த ஒரு வரிக்காகத்தான் ஒன்பது பக்கத்தையும் தாண்டினேன். மறுபடி நகல் எடுத்தபோதும் அந்த மூலையில் ஒரு வெள்ளைத் துண்டை வைத்து மூடித்தான் எடுத்தேன்.