யன்னல் வெட்டப் போன மேசன்

ஊர்காவற்றுறை பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு மேசனும் அவர் மனைவியும் இருந்தார்கள். நாரந்தனையில் ஏறியதிலிருந்து மனைவி விடவேயில்லை.

"மூண்டு நாளா ஒரு யன்னலோ வெட்டினனீங்கள்?"

"பறங்கியர் கட்டின கோயிலப்பா. கடல் முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைச்ச சுவர். என்ர கை தோள்மட்டும் உள்ள போகுது, இன்னும் மற்றப் பக்கம் வெளிச்சம் தெரியேல்லை."

"இனி ஆர் உங்களை வேலைக்குக் கூப்பிடுவினம்? பங்குச் சுவாமி பேசினவரோ?"

"இல்லை. குழிக்குள்ள தலையை விட்டுப் பாத்தார். பிறகு, 'போதும் மேசன், இதுக்குள்ள அந்தோனியாரை வைப்பம்' எண்டார்."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

"அப்ப பூசைக்கு வாற சனத்துக்குக் காத்து?"

"அதை இனி அந்தோனியாரிட்டத்தான் கேக்க வேணும்."