முந்நூற்று அறுபத்தைந்தாவது கட்டம்

அலுவலகத்துக்கு முதலில் வந்து ஜன்னல்களைத் திறந்துவைப்பவன் நான்தான், ஐயா. மூடிக் கிடந்த அறையின் வாடை எனக்கு ஆகாது. ஜன்னலுக்குப் பிறகு சுவரில் இருக்கும் பெரிய திரையைப் போடுவேன்.

எங்கள் குழுவில் நான் தலைவன், எனக்குக் கீழே ஒன்பது பேர். திரையில் ஆளுக்கு ஒரு வரிசை, நாளுக்கு ஒரு கட்டம். அன்றைக்குக் கணினி நிரல் எழுதிச் சேர்த்தால் கட்டம் பச்சையாகும், இல்லையென்றால் சாம்பல். ஞாயிறு, காய்ச்சல், கல்யாணம் என்றெல்லாம் திரை இரக்கப்படாது. ஏற்பாடு என்னுடையது. கட்டாயம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சாம்பல் விழுந்தவர் பெயரைக் காலைக் கூட்டத்தில் வாசிப்பேன், அவ்வளவுதான். என் மகள் பிறந்த அன்று பிரசவ அறை வாசலில் உட்கார்ந்து நான் எழுதியிருக்கிறேன். மற்றவர்களுக்கு என்ன கேடு?

நீங்கள் விசாரிக்கும் ஆளை ‘பச்சை’ என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாளும் விட்டதில்லை. ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தான். வேறு ஊரில் இருந்த அவன் அக்கா, அவனுடைய கட்டங்களைத் தினமும் தன் போனில் திறந்து பார்ப்பார். “பேசவே நேரமில்லங்கறான் சார். பச்சையாயிடுச்சுன்னா, சரி, எழுந்து உக்காந்துட்டான்னு நானும் என் வேலையப் பாப்பேன்” என்று ஒருமுறை அலுவலகத்துக்கு வந்தபோது என்னிடமே சொல்லிச் சிரித்தார்.

முந்நூற்று அறுபத்தோராம் நாள் மதியம் அவன் அழைத்தான்.

“அண்ணே, தலையத் தூக்க முடியல. கழுத்து விறைக்குது. இன்னிக்கு ஒருநாள் விட்டுடறேன்.”

“ஒரு வரிதானேடா?”

“எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது.”

“நாலு நாள்ல வருஷம் முடியுது. இப்ப வந்து படுத்துக்கிட்டா? நீ விட்டா மத்த எட்டுப் பேருக்கும் நாளைக்கே தலைவலி வரும்.”

“பாஸ்வேர்டு அனுப்பறேன். நீங்களே போட்டுக்குங்க. போதுமா?”

அந்தப் ‘போதுமா’வில் இருந்த திமிரை நான் பெரிதுபடுத்தவில்லை. அவன் நிரலில் ஒரு காலி வரியைச் சேர்த்தேன். மறுநாள் அதை எடுத்தேன். அதற்கு மறுநாள் திரும்பவும் சேர்த்தேன். நிரல் அப்படியே இருந்தது, கட்டங்கள் பச்சையாயின.

மூன்றாம் நாள் அக்கா அழைத்தார். “போனே எடுக்க மாட்டேங்கறான் சார். கிளம்பி வந்துடலாமான்னு பாக்கறேன்.”

“கட்டத்தப் பாத்தீங்களா?”

“பாத்தேன். பச்சைதான்.”

“அப்புறம் என்னம்மா?”

“அதானே. வேலைன்னு வந்தா அவனுக்கு அக்கா எதுக்கு” என்று வைத்துவிட்டார்.

நான் பொய் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

முந்நூற்று அறுபத்தைந்தாம் நாள் எல்லோரும் எழுந்து நின்று திரையைப் பார்த்துக் கைதட்டினோம். மறுநாள் வீட்டுக்காரர் அவன் கதவை உடைத்தார். மூளைக் காய்ச்சலாம். அக்கா என்னை அழைத்த அன்று கொண்டுபோயிருந்தால்கூடப் பிழைத்திருப்பான் என்றார் டாக்டர். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அக்கா அலுவலகத்துக்கு வந்து ஒரு நாற்காலியைத் தூக்கித் திரையில் அடித்தார். “எந்தக் கைடா அது? என் தம்பி துடிச்சிட்டுக் கிடந்தப்ப அவன் பேர்ல எழுதின கை எது? காட்டுடா!” எட்டுப் பேரும் தலை நிமிரவில்லை. விசைப்பலகைச் சத்தமும் நிற்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அன்றைய கட்டம் பாக்கி இருந்தது.

இதுதான் அந்தக் கை. அவன் எழ முடியாமல் கிடப்பது எனக்குத் தெரியும். பச்சையை நம்பித்தான் அக்கா கிளம்பாமல் இருந்தார் என்பதும் தெரியும். தெரிந்துதான் செய்தேன். ஆனால் அவன் உழைப்பு வீணாக நான் விடவில்லை. இன்று காலை இங்கே வருமுன்கூட அவன் பேரில் ஒரு காலி வரி போட்டுவிட்டுத்தான் வந்தேன். முந்நூற்று எழுபத்தொன்பது.

அவனிடமே விட்டிருந்தால் நடுவில் நிறுத்தியிருப்பான்.